எடிட்டிங்குக்கும் கேமுக்கும் ஒரே கிராபிக்ஸ் கார்டு: கேமரா ஃபைலைப் பார்த்து வாங்குங்கள்

"அண்ணா, ஆர்டிஎக்ஸ் 5080 எடுக்கட்டுமா, ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் எடுக்கட்டுமா? இல்லை 9070 எக்ஸ்டி போதுமா?" கல்யாண வீடியோ வேலையில் இருக்கும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். முதலாவது என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டு, மற்ற இரண்டும் ஏஎம்டியின் கார்டுகள். பகலில் எடிட்டிங், ராத்திரி கேம், இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர். கேள்வியோடு ஒரு யூடியூப் ஸ்கிரீன்ஷாட்டும் வரும். அதில் வரிசையாகக் கேம்கள், பக்கத்தில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு. எடிட்டிங் பற்றி ஒரு வரி இருக்காது. லட்ச ரூபாயைத் தொடும் செலவை அந்த ஒரு படத்தை வைத்து முடிவு செய்கிறார்களே என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

உங்கள் கேமரா எந்த மாதிரி ஃபைல் எழுதுகிறது என்பதை முதலில் பாருங்கள். எஃப்பிஎஸ் அதற்குப் பிறகுதான்.

சோனி ஏ7 எஸ் 3, ஏ7 4, கேனான் ஆர்6 போன்ற கேமராக்களில் நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் 4:2:2 என்று ஒரு ரெக்கார்டிங் முறை இருக்கிறது. சாதாரண 4:2:0 வீடியோவில் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரு நிறத் தகவல்தான் பதிவாகும். 4:2:2 வீடியோவில் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. லாக்கில் (நிறம் மங்கலாகப் பதிவாகும் முறை) எடுத்து கிரேடிங் (பிறகு நிறத்தைச் சரிசெய்வது) செய்யும்போது பட்டுப்புடவையின் ஜரிகையும் முகத்தின் நிறமும் உடையாமல் நிற்க இது உதவும். அதனால்தான் இன்று பலரும் அந்த முறையில் எடுக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சுருக்கி வைத்த இந்த ஃபைலை விரித்துக் காட்ட கார்டுக்குள் தனியாக ஒரு டிகோடர் பகுதி இருக்கிறது. கேம் ஓடும் கோர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், அந்த டிகோடருக்கு 4:2:2 தெரியாவிட்டால் மொத்த பாரமும் பிராசஸர் தலையில் விழும். 2022இல் 1,599 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கே 4:2:2 ஃபைலை அந்த டிகோடரில் விரிக்கத் தெரியாது. 24 ஜிபி மெமரி உள்ள 7900 எக்ஸ்டிஎக்ஸுக்கும் தெரியாது. 2025 மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்டிக்கும் தெரியாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் முதன்முதலாக எச்.264, எச்.265 என்ற இரண்டு வீடியோ சுருக்க முறைகளிலும் 4:2:2க்கு டிகோடரும் என்கோடரும் (சுருக்கி எழுதும் பகுதி) கொடுத்தது. டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ (ரிசால்வின் கட்டணப் பதிப்பு), பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் 2025இல் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டைம்லைனில் உங்கள் கேமரா கிளிப்பை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தைத் திறங்கள். அங்கே வீடியோ டிகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். கிளிப் ஓடும்போது அது பூஜ்யத்தில் படுத்திருந்து சிபியு (பிராசஸர்) மட்டும் நூறை நோக்கி ஏறினால், அந்த ஃபைலை விரிக்கும் வேலையில் உங்கள் கார்டுக்குப் பங்கே இல்லை. மல்டிகேமில் மூன்று கேமராவைச் சேர்த்துப் போட்டால் டைம்லைன் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். பிராக்ஸி (எளிதாக ஓடும் சிறிய நகல் ஃபைல்) போட்டு ஓட்டலாம், ஆனால் முகூர்த்தம் முடிந்த மறுநாளே ஹைலைட்ஸ் கேட்கும் வீட்டாரிடம் பிராக்ஸி உருவாகும் வரை பொறுங்கள் என்று சொல்ல முடியாது.

ஏஎம்டி கார்டுதான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இன்டெல் பிராசஸரில் இருக்கும் உள் கிராபிக்ஸின் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதி, எச்.265 4:2:2 ஃபைலை நன்றாகவே கையாளும். 12ஆம் தலைமுறை போன்ற ஒன்றை எடுக்கும்போது, விலை குறைகிறது என்று பெயர் எஃப்பில் முடியும் மாடலை வாங்கிவிடாதீர்கள். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. எச்.264 4:2:2 எடுப்பவர்களுக்கு இந்த வழியும் கைகொடுக்காது.

சரி, கேம் பக்கம் வருவோம். இங்கே ஏஎம்டியை மட்டமாகப் பேசுவது நியாயமே இல்லை. 599 டாலர் அறிவிப்பு விலையில் வந்த 9070 எக்ஸ்டி, ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத கேம்களில் 749 டாலருக்கு அறிவித்த என்விடியாவின் 5070 டிஐக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 மாதிரி பாத் டிரேசிங் (ரே டிரேசிங்கின் கனமான வடிவம்) உள்ள கேம்களில்தான் என்விடியா தெளிவாக முந்துகிறது. கேம் மட்டும் ஆடுகிற ஒருவர் கேட்டால் 9070 எக்ஸ்டி என்றுதான் சொல்வேன். 7900 எக்ஸ்டிஎக்ஸை மட்டும் இப்போது யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை. சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் (அப்ஸ்கேலிங்) ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 அதிகாரபூர்வமாக ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்றுதான் வந்தது. என்விடியா பக்கம் அதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ் 4இன் மேம்பட்ட அப்ஸ்கேலிங், 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 கார்டு வரை கிடைத்தது. வாங்கியவர்களை இரண்டு வருடத்தில் கைவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்காக என்விடியா சொல்வதை எல்லாம் நம்பச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைமை அதிகாரி ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070இல் 4090இன் செயல்திறன் கிடைக்கும் என்றார். இடையில் ஏஐ உருவாக்கும் ஃபிரேம்களையும் கணக்கில் சேர்த்துச் சொன்னது அது. அந்த ஃபிரேம்கள் திரையில் அசைவை வழுவழுப்பாகக் காட்டும், ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்லும் வேகத்தைக் கூட்டாது. ரிசால்வில் ஒரு நொடி ரெண்டர் நேரத்தைக்கூட குறைக்காது. எடிட்டர்கள் அந்த எண்ணை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

மெமரி பற்றியும் கேட்பார்கள். 5070 டிஐ, 5080 இரண்டிலும் 16 ஜிபி. 4கே டைம்லைன், கிரேடிங், அளவாக நாய்ஸ் ரிடக்‌ஷன் என்றால் இது போதும். 6கே, 8கே ரா ஃபைல் (கேமராவின் பதப்படுத்தாத பதிவு) மேல் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் ஃபியூஷனையும் (ரிசால்வின் எஃபெக்ட்ஸ் பகுதி) அடுக்குகிறவர்களுக்கு, ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்து வேலை நின்றுபோகும். அவர்களுக்கு 32 ஜிபி உள்ள 5090 நியாயமான செலவு. 999 டாலருக்கு அறிவித்த 5080இல் 16 ஜிபியோடு நிறுத்தியது என்விடியாவின் கஞ்சத்தனம் என்றே நினைக்கிறேன்.

ஆக, 4:2:2 எடுத்து எடிட் செய்து, கேமும் ஆடுகிறவருக்கு என் தேர்வு 5070 டிஐ. 5080இல் இரண்டு டிகோடர், 5070 டிஐயில் ஒன்று. தினமும் நான்கு கேமரா மல்டிகேம் வெட்டுகிறவர் 5080க்குப் போகலாம். மற்றவர்கள் மிச்சமாகும் பணத்தில் நிறம் சரியாகக் காட்டும் மானிட்டரும் ஒரு நல்ல எஸ்எஸ்டியும் வாங்குங்கள். ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். 295 டாலர், ஒரே முறை கட்டினால் போதும். 4:2:0 மட்டுமே எடுப்பவர்களுக்கு இந்த டிகோடர் கவலையே இல்லை, 9070 எக்ஸ்டியைத் தாராளமாகப் பார்க்கலாம்.

மின்சாரத்தை மறந்துவிடுகிறார்கள். 5070 டிஐ 300 வாட், 9070 எக்ஸ்டி 304, 5080 360, 5090 575. இது கார்டுக்கு மட்டும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். புதிய 16 பின் பவர் கனெக்டரை முழுதாக உள்ளே அழுத்துங்கள். 4090 வந்த காலத்தில் அது உருகிய சம்பவங்கள் பல. சரியாகச் செருகாததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்டு பத்தாயிரம் குறைவு என்பார்கள். பல பிராண்டுகளில் அதற்கு இங்கே வாரன்டி கிடைக்காது.