இயந்திரத் துப்பாக்கி நுழையாத சந்து

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மலருக்காக ஜாலியன்வாலா பாக் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயரின் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இயந்திரத் துப்பாக்கிகளால் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினார்கள்" என்று அதில் ஒரு வரி. எழுதும்போது சரிபார்க்கவே தோன்றவில்லை. எப்போதோ எங்கேயோ அப்படிப் படித்த ஞாபகம், அவ்வளவுதான்.

மலர் வெளிவந்த பிறகு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, அங்கே இயந்திரத் துப்பாக்கி வெடிக்கவே இல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் செத்துக் கிடக்கிறார்கள், இவர் எந்த ரகத் துப்பாக்கி என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று எரிச்சல். அதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியும் விட்டேன். "எடுத்துப் படிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படித்தேன். டயர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளோடுதான் வந்திருக்கிறார். ஆனால் மைதானத்துக்குள் போகிற சந்து குறுகல். வண்டிகள் நுழையவில்லை. அவற்றை வெளியே விட்டுவிட்டு, ரைஃபிள் வைத்திருந்த 50 பேரை உள்ளே கூட்டிப்போய்ச் சுட உத்தரவிட்டார். சுமார் 10 நிமிடம், 1,650 தோட்டாக்கள். பிறகு அரசாங்கம் அமைத்த ஹண்டர் குழு விசாரித்தபோது அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். சந்து அகலமாக இருந்து வண்டிகள் உள்ளே போயிருந்தால், இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா? அநேகமாக ஆமாம் என்றார் டயர்.

அந்த ஒரு பதிலுக்கு முன்னால் என் வரி ஒன்றுமே இல்லை. நான் கோபத்தில் மிகைப்படுத்தி எழுதியதைவிட நடந்தது பயங்கரம். அந்தச் சந்தின் அகலம்தான் சாவு எண்ணிக்கையைத் தீர்மானித்திருக்கிறது, என் தப்பு அதையே மறைத்துவிட்டது. சரி, அதோடு முடிந்ததா? இல்லை. சுட்டவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்களும் இல்லை. கூர்க்காக்களும் இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்களும்தான். இது எனக்குப் பிடிக்காத தகவல். பிடிக்காததால்தான் என் கண்ணில் படாமலே இருந்திருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரை அச்சுக்குப் போகும் முன் மலரின் ஆசிரியர் கையில் ஒரு சுற்று திருத்தம் கண்டிருந்தது. நான் "படுகொலை" என்று எழுதிய இடங்களில் எல்லாம் "சம்பவம்" வந்துவிட்டது. "சுட்டார்கள்" என்பது "துப்பாக்கிச் சூடு நடந்தது" ஆகிவிட்டது, ஏதோ மழை பெய்தது மாதிரி. கேட்டதற்கு, "நடுநிலையா இருக்கட்டும்னுதான் சார்" என்றார். இயந்திரத் துப்பாக்கியை அவர் தொடவில்லை. சரியாக இருந்த வினைச்சொல்லை மாற்றினார், தப்பாக இருந்த தகவலை விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இந்த "நடுநிலை" மேல் ஒரு சந்தேகம். நம்மில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திப் பேசுவதைத்தான் நடுநிலை என்று நினைக்கிறோம். தமிழில் அதற்கென்றே ஒரு வினைமுற்று வேறு இருக்கிறது: "எனக் கூறப்படுகிறது." யார் கூறினார்கள், எப்போது, எதை வைத்து என்று எதுவும் சொல்ல வேண்டாம். எழுதியவர் தப்பித்துவிடலாம்.

எண்களில் இந்தக் கூத்து இன்னும் மோசம். "379 முதல் 1,000 பேர் வரை இறந்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்ட திருப்தி வரும். ஆனால் அந்த 379 எப்படி வந்தது? அரசாங்கக் கணக்கு அது. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், செத்தவர்கள் விவரத்தை நீங்களே வந்து சொல்லுங்கள் என்று ஊர்மக்களிடம் கேட்டார்கள். தடை செய்யப்பட்ட கூட்டத்துக்கு என் அண்ணன் போயிருந்தான், செத்துப்போனான் என்று அதே அரசாங்கத்திடம் போய் யார் துணிந்து பெயர் கொடுப்பார்கள்? வெளியூரிலிருந்து வந்து செத்தவர்களுக்காகப் பெயர் கொடுக்க அங்கே ஆளே இல்லை. ஆயிரம் என்பது காங்கிரஸ் தனியாக நடத்திய விசாரணையின் மதிப்பீடு. அதுவும் தலை எண்ணிச் சொன்ன கணக்கில்லை. இரண்டையும் இப்படிப் பிரித்து எழுதினால் எந்த எண் எதற்கு உதவும் என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். "முதல்… வரை" என்று கோத்துவிட்டால் அந்த விவரம் காணாமல் போகிறது.

1943 வங்கப் பஞ்சத்திலும் இதே கதைதான். விசாரணைக் கமிஷன் 1945-இல் சொன்னது சுமார் 15 லட்சம் சாவு. அமர்த்தியா சென் பின்னாளில் கணக்கிட்டது கிட்டத்தட்ட 30 லட்சம். கிராமங்களில் சாவைப் பதிய வேண்டியவர் சௌகிதார், அதாவது ஊர்க்காவலர். சில இடங்களில் சம்பளம் வராமல் ராணுவ வேலைக்கும் விமானத்தளம் கட்டுகிற வேலைக்கும் போய்விட்டார்கள், சிலர் செத்தே போனார்கள் என்று கமிஷன் அறிக்கையிலேயே இருக்கிறது. சாவை எண்ண வேண்டிய ஆளே செத்துப்போன ஊரின் கணக்கு அது.

இதைக் கேட்டதும், அப்படியானால் எப்போதும் பெரிய எண்தான் உண்மை என்று நம் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். டிரெஸ்டனைப் பாருங்கள். 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் அந்த ஜெர்மன் நகரத்தைக் குண்டுபோட்டு எரித்தன. உள்ளூர்க் கணக்கில் அதுவரை எண்ணப்பட்ட பிணங்கள் 20,204. நாஜிப் பிரச்சாரத்தில் ஒரு பூஜ்யம் கூடி அது 2,02,040 ஆனது. அந்தப் பூஜ்யம் பல வருடம் புத்தகம் புத்தகமாகச் சுற்றியது. 2010-இல் அந்த நகரமே அமைத்த வரலாற்றாளர் குழு அதிகபட்சம் 25,000 என்று முடித்தது. 25,000-க்கும் 2 லட்சத்துக்கும் நடுவில் நின்று ஒருவர் "சுமார் ஒரு லட்சம்" என்று எழுதினால் அவர் நடுநிலையாளர் இல்லை, பாதிப் பொய்யர். நடுநிலைக்கு நாம் தராசைத்தான் உவமை சொல்கிறோம். சமமில்லாத எடையை வைத்த பிறகும் முள் நடுவிலேயே நின்றால் கடைக்காரரை யாராவது பாராட்டுவார்களா?

அந்தப் பொய் எண்ணை அச்சில் பரப்பியவர்களில் ஒருவர் டேவிட் இர்விங். யூத இனப்படுகொலையை மறுப்பவர் என்று தன்னை எழுதியதற்காக டெபோரா லிப்ஸ்டாட் மேல் வழக்குப் போட்டு 2000-இல் லண்டனில் தோற்றவர். ரிச்சர்ட் எவன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் தன் உதவியாளர்களோடு உட்கார்ந்து இர்விங்கின் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாக மூல ஆவணத்தோடு ஒப்பிட்டார். தவறு எல்லோரும்தான் செய்கிறோம். ஆனால் இர்விங்கின் தவறுகள் எல்லாமே ஹிட்லருக்குச் சாதகமான பக்கமாகவே சாய்ந்திருந்தன. நீதிபதி பிடித்துக்கொண்டதும் அதைத்தான். இதைப் படித்தபோது எனக்கு டயர் வரிதான் ஞாபகம் வந்தது. என் இரண்டு தப்புகளும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று சொல்லத் தேவையில்லை.

பெயர் விவகாரமும் இருக்கிறது. 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்றால் ஒரு கட்சி, முதல் விடுதலைப் போர் என்றால் இன்னொரு கட்சி. அந்த "முதல்" என்ற சொல்லை 1806-இல் தங்கள் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியை வைத்துக்கொண்டு வேலூர்க்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். வரலாற்றாசிரியர் ஆர். சி. மஜும்தாரோ அது முதலும் இல்லை, தேசியமும் இல்லை, விடுதலைப் போரும் இல்லை என்று மூன்றையும் தள்ளினார். எதைச் சொன்னாலும் ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் எனக்குப் போதும்.

இப்போது அந்த மலரை மறுபதிப்பு போடுகிறார்கள். இயந்திரத் துப்பாக்கியை எடுத்துவிட்டு சந்து, கவச வண்டி, கூர்க்காக்கள், டயரின் பதில் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். "சுட உத்தரவிட்டார்" என்று வினைச்சொல்லையும் திருப்பி வைத்தேன். நேற்று மெய்ப்பு வந்தது. சேர்த்த தகவல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வினை மட்டும் மறுபடியும் "துப்பாக்கிச் சூடு நடந்தது" ஆகியிருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்து வைத்திருக்கிறேன்.