பேட்டரியை மாற்றுகிறீர்கள், கேபிளை யார் பார்ப்பது?

பழைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: பேட்டரி போச்சு, புதுசு போடுங்க. அதோடு சேரும் கேபிளை ஒருத்தராவது தொட்டுப் பார்க்கிறாரா?

கேபிள் மாட்டும் பேட்டரி முனையில், அதாவது டெர்மினலில், நீலப்பச்சையாக அரிப்பு பூத்துக் கிடக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, சரியாயிடுச்சு என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அரிப்பு கேபிள் உறைக்குள்ளும் ஏறியிருக்குமே! முனையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில் உறையைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். செம்புக் கம்பி கறுத்துப்போய், விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது கேபிளில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காலி. 12 வோல்ட்டில் இது சின்ன விஷயமா? புது பேட்டரி போட்டு என்ன பிரயோஜனம்?

அப்புறம் அந்த மூடி. பாசிட்டிவ் முனையின் சிவப்பு மூடி என்ஜின் சூட்டில் காய்ந்து, தொட்டாலே நொறுங்கிவிடுகிறது. வேறு கேட்டால், அந்த மாடலுக்கு இப்போ வர்றதில்லைங்க என்கிறார்கள். கிடைத்ததை வாங்கினால் கிளாம்பின் போல்ட்டில் முட்டிக்கொண்டு பாதிதான் மூடுகிறது. மூடி இல்லாமலே ஓட்டுங்க என்று அறிவுரை வேறு! ஸ்பேனர் நழுவி பாசிட்டிவ் முனையையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டால் பறக்கும் தீப்பொறிக்கு யார் பொறுப்பு? சார்ஜ் ஆகும் பேட்டரி, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜனை வெளிவிடும் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

நெகட்டிவ் கேபிள் பாடியில் போல்ட் ஆகும் இடம் துருவேறிக் கிடக்கிறது. அங்கே ஒருத்தரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.