பக்கத்துக் காம்பராவுக்காகப் பிள்ளை வளர்க்காதீர்கள்

"நாலு சாத்து சாத்தினால் எல்லாம் சரியாகிவிடும்." என் மகனைப் பற்றி இந்தத் தீர்ப்பைச் சொல்லாத வீடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், இல்லை. எட்டு வயது. "இப்ப இல்லடா" என்றால் போதும், கையில் இருப்பது பறக்கும். கதவை உதைப்பான், தங்கச்சியைத் தள்ளுவான், தொண்டை கட்டும்வரை கத்துவான். கொஞ்ச நேரம் போனதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து ரொட்டி கேட்பான்.

இப்படிப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இலங்கை மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். லயத்தில் சொல்லவும் தேவையில்லையே! வெள்ளைக்காரன் காலத்து 10க்கு 12 அடி அறைதான் காம்பரா, எல்லாருக்கும் ஒரே கூரை, பல இடங்களில் நடுச்சுவர் கூரைவரை ஏறுவதும் இல்லை. அங்கே இருமினால் இங்கே கேட்கும். நம்மில் பலருடைய கை பிள்ளை மேல் ஓங்குவதே அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காதுகளுக்காகத்தான் என்பது என் எண்ணம். "பாருங்க, நானும் கண்டிக்கிறேன்" என்று காட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் பெரிய சண்டையெல்லாம் சொக்ஸில்தான் ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் எதுவும் காயாது. அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டால் காயும், ஆனால் புகை நாறும். நாறினால் அவன் போடமாட்டான். அவனுடைய அம்மா பிரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, பிந்தினால் அன்றைய பேருக்கே, நாள் சம்பளத்துக்கே, ஆபத்து. அந்த அவசரத்தில் ஒரு தாய்க்கு என்ன தோன்றும்? ஒன்று முதுகில் ஓர் அடி, இல்லையென்றால் கையில் போன்.

இந்த இரண்டும் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகின்றன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் இப்படிப்பட்ட குடும்பங்களை வீட்டுக்கே போய்க் கவனித்து இதை விளக்கினார்கள். பிள்ளை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், சத்தம் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் பழகுகிறது. கொடுத்தால் ஓயும் என்று பெரியவருக்கும் பழகுகிறது. இன்னொரு நாள் அவர் அடிக்கிறார், பிள்ளை அடங்குகிறது. அடிதான் சரி என்று அவர் மனதில் பதிகிறது. அடுத்த முறை இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் உரக்கத் தொடங்குகிறது.

விட்டுக்கொடுப்பதை நிறுத்தினால் சத்தம் உடனே குறையாது, முதலில் கூடும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் அதுதான். சரியாக அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசல் இஸ்தோப்பில், அந்தத் திண்ணையில், வந்து நிற்பார்: "அந்தப் போனக் குடுத்துத் தொலையேன்டா, புள்ள அழுது செத்துரப் போகுது." கொடுத்துவிட்டால் அதுவரை பட்ட பாடு எல்லாம் வீண்.

நாங்கள் சண்டைகளைப் பொறுக்கி எடுக்கிறோம். தங்கச்சியை அடிப்பது, அடுப்படியில் எதையாவது எறிவது, ரோட்டுக்கு ஓடுவது, இவற்றில் விட்டுக்கொடுப்பதில்லை. முணுமுணுப்பு, முறைப்பு எல்லாம் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவோம். கொதிக்கிற நேரத்தில் புத்திமதி கிடையாது. ரொட்டி கேட்டு வருவான் பாருங்கள், பேச்சு அப்போதுதான். சொன்னதைச் செய்தால் அந்த நிமிடமே, "சரிடா, நல்லா செஞ்ச." சொக்ஸை இப்போது என் த்ரீவீலில் எஞ்சின் சூட்டில் காயவைக்கிறேன். பெட்ரோல் வாடை அவனுக்குப் பிடிக்கிறதாம்!

எல்லாப் பிடிவாதமும் கோளாறு இல்லை. வயதுக்கு மீறிய கோபமும் எதிர்ப்பும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, வீட்டையும் படிப்பையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்று யோசிப்பார்கள். கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.எச்.டி. கூடவே இருப்பதும் உண்டு. வாசிக்கத் திணறுவதும் தூக்கக் குறைவும் இப்படிக் கோபமாக வெளிவரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை, பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிதான். மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டால் எந்தக் கிளினிக் என்று சொல்வார். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கயிறு பிள்ளையை அடிப்பதில்லையே.

பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஓர் ஆசிரியர் என்னிடம், "நீங்க வீட்டுல அடிச்சு வளத்தா நாங்க ஏன் அடிக்கப் போறோம்?" என்றார். அப்பா கொழும்புக் கடையில், அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலையில் என்று அம்மாயியோடு, அம்மாவின் அம்மாவோடு, வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சைக் கேட்டு நிற்கக்கூட ஆள் இல்லை.

அதனால் லயத்துச் சொந்தங்களே, அடுத்த காம்பராவில் இப்படிச் சத்தம் கேட்டால் இஸ்தோப்புக்கு வந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த வீட்டுச் சின்னதை மட்டும் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் உங்களோடு வைத்திருங்கள். பெரியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.