மருத்துவர் அறையில் யார் நோயாளி?

நம் ஊரில் மனநல மருத்துவரிடம் தானாகப் போகிறவர்கள் குறைவு. கூட்டிக்கொண்டு போகப்படுகிறவர்கள்தான் அதிகம். கே பையன், லெஸ்பியன் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் விஷயம் தெரிந்ததுமே "ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். டோக்கன் போடுவது அப்பா, ஃபீஸ் கட்டுவது மாமா, டாக்டரிடம் முதலில் பேசுவது அம்மா. அந்தப் பிள்ளை கடைசி நாற்காலியில் தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் நல்ல மனநல சிகிச்சை என்றால் என்ன என்பதில் பல வருடமாக எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். அந்த டாக்டர் எவ்வளவு முற்போக்காகப் பேசுகிறார் என்பதெல்லாம் அப்புறம். அந்த அறையில் இருப்பவர்களில் யாரை அவர் தன் நோயாளியாக நினைக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

எனக்கு இது நடந்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு சின்ன நகரத்துக் கிளினிக்கில். மேஜை மேல் மருந்து கம்பெனி கொடுத்த நாள்காட்டியும் பேனா ஸ்டாண்டும் இருந்தன. டாக்டர் அப்பாவைப் பார்த்து, "பையனுக்கு எத்தனை நாளா இப்படி?" என்றார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணுங்களைப் பார்த்தா ஒண்ணுமே தோணாதா?" நான் வாயைத் திறப்பதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு மாத்திரை. ஜிம்மில் சேர்த்துவிடச் சொன்னார். சீக்கிரம் ஒரு வரன் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

அந்தச் சமயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போய் வாரக்கணக்கு ஆகியிருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. சேர்ந்த வேலையும் போயிருந்தது. மருத்துவக் கல்லூரி மாணவனே பிடித்துவிடக்கூடிய மனச்சோர்வு அது. டாக்டர் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அப்பா சொன்ன புகாரில் அது இல்லை. அப்பா எதைச் சரிசெய்யச் சொன்னாரோ அதற்கு அவர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதற்கும் முன்னால், 1973லேயே எடுத்துவிட்டது. ஆக, எனக்கு அந்த மாத்திரை எழுதப்பட்டபோது தன்பாலீர்ப்பு என்ற நோய் அந்த இரண்டு பட்டியலிலுமே இல்லை. இன்று நிலைமை இன்னும் தெளிவு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பாலீர்ப்பைக் காரணம் காட்டி சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, ஒரே பாலினத்தைச் சேர்ந்த, வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பதும் குற்றமில்லை என்றாகிவிட்டது.

அப்புறம் நம் சென்னை உயர் நீதிமன்றம். 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ சென்னைக்கு வந்துவிட்டார்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தொந்தரவு தாங்காமல் பாதுகாப்பு கேட்டு அவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரு மனநலக் கவுன்சிலரிடம் அனுப்பினார். அதோடு நிற்காமல், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தானும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த ஜூன் 7ஆம் தேதி வந்த உத்தரவில், பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுகிறேன் என்று செய்யப்படும் 'கன்வெர்ஷன் தெரபி'க்குத் தடை. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அது தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது.

அந்த நீதிபதி மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தவறான சிகிச்சையைத் தடுப்பது ஒரு வேலை, நல்ல சிகிச்சையைக் கொண்டுவருவது வேறு வேலை. முதலாவது காகிதத்திலாவது நடந்திருக்கிறது. அதிலும் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு யாரும் "மாற்றுகிறேன்" என்று போர்டு வைப்பதில்லை. "பையனுக்குக் கொஞ்சம் குழப்பம்", "மொபைல் பார்த்துக் கெட்டுப் போயிருக்கான்", "ஆறு மாசம் கவுன்சிலிங் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். மருத்துவக் கல்வியும் ஓரடி முன்னால், ஓரடி பின்னால். 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், இரண்டு பெண்களுக்கு இடையிலான உறவு 'இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்' பட்டியலில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. கூச்சல் எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் அந்த ஆவணத்தையே வாபஸ் வாங்கினார்கள். எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோளாறு உண்டு. அதைப் பற்றி நம் ஆட்களே அதிகம் பேசுவதில்லை. கோவையில் ஐடி வேலையில் இருக்கும் தோழி ஒருத்தி. கை நடுக்கம், படபடப்பு, எடை வேறு குறைந்துகொண்டே போனது. ஒரு கவுன்சிலரிடம் போனாள். ரொம்ப அன்பானவர், மேஜையில் வானவில் கொடி வைத்திருப்பவர். ஒவ்வொரு தடவையும் பேச்சு சுற்றிச் சுற்றி, அம்மாவிடம் எப்போது சொல்லப் போகிறாய் என்பதில் வந்து நிற்கும். கடைசியில் கம்பெனி ஹெல்த் செக்கப்பில் தெரிந்தது, தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரக்கிறது என்று. மாத்திரை ஆரம்பித்த பிறகு நடுக்கம் அடங்கிவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் உத்தேசமும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள்.

என்னைப் பார்த்த டாக்டருக்கு என் ஆசைதான் நோய். இவளைப் பார்த்தவருக்கு இவள் கஷ்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். ஒருவர் திட்டினார், ஒருவர் தட்டிக்கொடுத்தார். முழு ஆளை இரண்டு பேருமே பார்க்கவில்லை. "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான், நான் வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்று சொல்கிற மூன்றாவது வகையும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வித்தியாசத்தைப் பார்க்காவிட்டால் சில விஷயங்களைக் கேட்கவே தோன்றாது.

என்ன விஷயங்கள்? ஒரு உதாரணம் சொல்கிறேன். டேட்டிங் ஆப்பில் பேசி, ஊருக்கு வெளியே வரச்சொல்லி, நாலைந்து பேர் சேர்ந்து அடித்து, வீடியோ எடுத்து, மிரட்டி ஜிபேயில் பணம் பறிக்கும் கும்பல்கள் இங்கே இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்ற ஒரு வார்த்தை போதும், ஆள் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டே இருப்பார். போலீசுக்குப் போகப் பயம். இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் தூக்கமில்லை, கடன் ஏறிவிட்டது, குடி அதிகமாகிவிட்டது என்று டாக்டரிடம் வந்தால், குடியைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்புவதில் என்ன பயன்? "யாராவது உங்களை மிரட்டுகிறார்களா?" என்று ஒரு கேள்வி போதும், மனிதர் உடைந்து அழுது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

எல்லாருக்கும் இவ்வளவு பெரிய விபரீதம் நடப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தினப்படி தேய்மானம்தான். இலான் மேயர் என்ற ஆய்வாளர் இதை 'சிறுபான்மை அழுத்தம்' என்ற பெயரில் 2003இல் விரிவாக எழுதினார். நடந்த அவமானம் ஒரு பங்கு, நடக்கப் போகிறதோ என்று சதா உஷாராக இருப்பது இன்னொரு பங்கு, மறைப்பதற்கான உழைப்பு வேறு, தன்னைத் தானே கேவலமாக நினைப்பது வேறு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால்: மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது "எப்ப சார் கல்யாண சாப்பாடு?" என்கிற சக ஊழியர். பேச்சிலருக்கு வீடில்லை என்கிற ஹவுஸ் ஓனர். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் கையில் ஜாதகத்தோடு காத்திருக்கும் அத்தை. கூட வாழ்பவரை 'ரூம்மேட்' என்று வாய் கூசாமல் சொல்லப் பழகுவது. இதில் எதுவும் பெரிதில்லை. ஆனால் இருபது வருடம் செய்து பாருங்கள், தூக்கமும் ரத்த அழுத்தமும் வந்து சாட்சி சொல்லும்.

திருநர்களுக்கு இன்னொரு அடுக்கு. மனநல மருத்துவர் சான்றிதழ் கொடுக்காமல், உடலைத் தன் பாலினத்துக்கேற்ப மாற்றும் அறுவை சிகிச்சைக்குப் போக முடியாது என்பதால், அவர் முன்னால் சோகமாக இருக்கிறேன் என்று சொல்லவே பயம். சொன்னால் சான்றிதழ் தள்ளிப்போகும். நிஜமாகவே உதவி தேவைப்படும்போது அதே ஆளிடம் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் ஒத்துப்போகாத 'பாலின முரண்பாட்டை' மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துப் பாலியல் நலம் என்ற பகுதியில் வைத்துவிட்டது. ஓபி அறைகளுக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது.

பெற்றோர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்களை வில்லனாக்குகிறேன் என்று நினைப்பீர்கள். அந்த மதுரைப் பெண்களின் பெற்றோரை வாட்டியது பெரும்பாலும் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம்தான். என் அப்பாவுக்கும் அதேதான். அவருக்கும் உதவி தேவைப்பட்டது. அந்த உதவியை என் ஃபைலில் எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெற்றோருக்கு வேறு நேரம், முடிந்தால் வேறு ஆள். வயது வந்த பிள்ளை சொன்னதை அதன் சம்மதமில்லாமல் பெற்றோரிடம் சொல்ல டாக்டருக்குப் பொதுவாக உரிமையில்லை, ஃபீஸ் யார் கட்டினாலும் சரி. ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று அந்த 2017 சட்டமே சொல்கிறது. இது தெரிந்த டாக்டர்களும் அம்மா போன் பண்ணினால் இளகிவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தனியார் கவுன்சிலிங் பல இடங்களில் ஒரு தடவைக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆங்கிலம் பேசும் சென்னைக்காரர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, ராமநாதபுரத்துப் பையனுக்கு இல்லை. அவனுக்குக் கிடைப்பது மாவட்டத் தலைமை மருத்துவமனை ஓபி. மருந்து இலவசம், நல்ல விஷயம். ஆனால் பின்னால் வரிசையில் நிற்பவர் தோள் வழியாக எட்டிப்பார்க்கும் இடத்தில் யார் மனதைத் திறப்பார்கள்? ஒரு திரைச்சீலை, கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்ல ஒரு நர்ஸ். இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ், இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுக்கிற ஆளைப் பொறுத்து அனுபவம் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதிதாக ஒரு டாக்டரிடம் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "என்னைத் தனியாகப் பார்ப்பீங்களா? நான் சொல்றதை வீட்டுக்குச் சொல்லுவீங்களா?" பதிலில் இழுவை தெரிந்தால் எழுந்து வந்துவிடலாம். அவர் உங்கள் தூக்கம், சாப்பாடு, வேலை, கடன், குடி, சாமி நம்பிக்கை, நண்பர்கள் என்று கேட்டுக்கொண்டே போய், நடுவில் உங்கள் காதலைப் பற்றியும் சாதாரணமாகக் கேட்டால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. ஆஸ்பத்திரியில் "அட்டெண்டர் யாரு?" என்று கேட்டால் வீட்டாரைத்தான் தேடுவார்கள். ஆனால் மனநல சிகிச்சைக்கு, உங்கள் சார்பில் யார் நிற்க வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டி எழுதி வைக்கலாம். 'நியமனப் பிரதிநிதி' என்று பெயர், 2017 சட்டத்தின் 14ஆவது பிரிவு. அவர் ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. கூட வாழ்பவர், நண்பர், யாராகவும் இருக்கலாம். உங்களுக்கும் அவருக்கும் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மைனர் என்றால் பொதுவாகச் சட்டப்படியான பாதுகாவலர்தான், அதாவது பெரும்பாலும் பெற்றோர். மற்ற வியாதிகளுக்கும் ஆபரேஷனுக்கும் இந்தத் தாள் செல்லாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். முத்திரைத்தாள், வக்கீல், நோட்டரி எதுவும் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நன்றாக இருக்கும்போதே எழுதி, ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, அசல் எந்த டிராயரில் இருக்கிறது என்றும் சொல்லி வையுங்கள்.