எந்த மாதம், எந்த வளைவு?

பினாங்கில் சுற்றுலா வேன் ஓட்டும் நான் மூன்று நாள்களாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பி, சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்திருந்தீர்கள். பினாங்குத் தீவைச் சுற்றிவரும் சாலையில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று, அந்தக் காணொளியை எடுத்த தம்பி தீர்ப்பு வழங்கிவிட்டார். எந்த மாதம் வந்தார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. முதல் நிமிடத்தில் லிட்டல் இந்தியாவில் தொங்கும் தீபாவளித் தோரணங்களும், வேன் கண்ணாடியில் வழியும் மழையும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை கொட்டும் என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் வெளுத்திருக்கும். அந்தக் காலத்தில்தான் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் பருவமழைக்குப் பயந்து கதவடைத்துக் கிடக்கும். ஜூன், ஜூலையில் தீவின் மேற்கிலுள்ள பாலிக் பூலாவ் முழுக்க டுரியான் பழம் மணக்கும். சுமத்திராவில் காடு எரிந்த 2015, 2019 போன்ற ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து எதிர்க்கரையையே மறைத்துவிடும். ஆகவே, ஓர் இடம் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லும் முன் எந்த மாதம், எந்த வளைவு என்று சொல்லிவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வளைவு என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியரை இதே சாலையில் அழைத்துப் போனேன். பத்து பெரிங்கி கடற்கரையில் அந்த அம்மா சிறுமியைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். தெலுக் பஹாங் அணைக்கட்டில் இறங்கியதும் பேச்சு நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார், கணவர் கூப்பிட்டும் திரும்பவில்லை. அங்கிருந்து மலை ஏறும் வளைவுகளில் தலைசுற்றி, நான் முன்னிருக்கைக்குப் பின்னால் எப்போதும் செருகி வைத்திருக்கும் நெகிழிப் பையைப் பிடுங்கி வாந்தி எடுத்தார். என்னையும், சாலையையும், பயணச்சீட்டு எடுத்த கணவரையும் சேர்த்துத் திட்டினார். தித்தி கெராவாங் அருவிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறு குடித்தபின், "தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாமா?" என்றார். ஒரே காலைப்பொழுதில், ஒரே மனுஷி. இவரிடம் இந்தச் சாலைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தால், எந்த நிமிடத்தில் கேட்டோம் என்பதைப் பொறுத்துத்தானே பதில் வந்திருக்கும்?

நம் முன்னோர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார்கள். உரிப்பொருளாகிய உணர்வை அதன்மேல்தான் அமர்த்தினார்கள். குறிஞ்சி என்றால் மலை மட்டும் போதாது, கூதிர் என்னும் குளிர்காலமும் யாமம் என்னும் நள்ளிரவும் வேண்டும். கடற்கரையில் பொழுது சாயும்போது மனம் இரங்கும் என்பதற்கு நெய்தல் என்று ஒரு திணையே வைத்தவர்கள் நாம். சங்க காலத்தை இங்கே இழுக்காதே என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். சரி, மலேசியாவில் ஆறு பருவம் இல்லை. மழை, பழம், புகைமூட்டம், பள்ளி விடுமுறை என்று நாலுதான். அந்த நாலையாவது கணக்கில் எடுங்கள்.

கருத்துச் சுதந்திரம் என்கிறார்கள். தாராளமாக. கழிப்பறை சுத்தமில்லை என்று அவர் சொன்னது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் "உன் பிழைப்பு போகிறதென்று கத்துகிறாய்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், பிழைப்புதான். 19 ஆண்டுகளாக இந்த வேனில் அடுத்தவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்கு, எந்த இடத்தில் எந்த முகம் மலரும், எது சுருங்கும் என்பது ஒரு நாள் வந்து போனவரைவிடக் கூடுதலாகத் தெரியும் என்று சொல்வது அகங்காரமாகத் தெரிந்தால், இருந்துவிட்டுப் போகட்டும்.

கொடிமலையில் (பினாங்கு ஹில்) அந்தத் தம்பி நின்று, மூட்டத்தைக் காட்டி, வெள்ளைத் துணியைப் பார்க்கக் காசு கொடுத்தோம் என்று சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. 1923 முதல் ரயில் ஓடும் மலை அது. 2011இல் புதிய ரயில் வருவதற்கு முன், நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும்; ஆண்டு இறுதி விடுமுறையில் அப்பா என் கையைப் பிடித்து மாற்றி ஏற்றுவார். உச்சியில் கடலுக்கு அப்பால் விரலை நீட்டி, "அதோ, கெடா ஜெராய் மலை" என்பார். அப்பா போனபின் ஓர் அக்டோபரில் தனியாக ஏறினேன். ஜெராய் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை, எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தும் தெரியவில்லை. கம்பியின்மேல் ஈரம் மட்டும் இருந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். அந்த வெண்மூட்டத்தை இன்றுவரை நான் வீண் என்று நினைத்ததில்லை. அந்தத் தம்பி சிரித்தது அதே கம்பியருகே நின்று.

நேற்றுக் காலை பயணிகளோடு தித்தி கெராவாங்கில் நிறுத்தியபோது, ஜாதிக்காய் விற்கும் மக்சிக் (மலாய்க்கார அம்மா) தன் பேத்தியின் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். காணொளியில், சாலையோரத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கடை. மேலே "இதுவும் மூடல்" என்று தமிழில் எழுத்து, பின்னணியில் சிரிப்பொலி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மழை நாளில் யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள் என்பதால் அன்று வரவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். கடையின் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வேனை எடுத்தேன்.