படைவீரர் வீட்டுப் பெண்களுக்குத் துணையாகப் பெண்களே வர வேண்டும்

திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்காரர் வீடு இல்லாத தெருக்கள் குறைவு. 2022 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரின் ரஜோரி ராணுவ முகாம் தாக்குதலில் வீரமரணம் அடைந்த ரைபிள்மேன் லட்சுமணனின் உடல் விமானத்தில் மதுரைக்கு வந்து, சொந்த ஊரான டி.புதுப்பட்டியில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தபோது மாவட்டமே கலங்கியது. அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதியுடையவர். ஆனால் பெரும்பாலான பட்டாளத்துக்காரர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, பல ஆண்டுகள் கழித்து, சர்க்கரையிலோ மாரடைப்பிலோ இறந்துபோகிறார்கள். அந்த வீட்டு வாசலுக்கு அதிகாரிகள் எவரும் வருவதில்லை. மனைவிக்கு மிஞ்சுவது, படை எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியும் அதனுள் இருக்கும் காகிதங்களும்தான்.

ராணுவத்தினரின் மனைவியர் 1966இல் தொடங்கிய நலச் சங்கத்தைப் படைக் குடும்பங்கள் 'ஆவா' என்று அழைக்கின்றன. கைத்தொழில் பயிற்சி, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகள், வீரமரணம் அடைந்தவர்களின் மனைவியருக்கு உதவி என அந்தச் சங்கத்துப் பெண்கள் செய்துவரும் பணி பெரிது. கணவர் பணியில் இருந்த காலத்தில் அந்த அரவணைப்பை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆயினும் அச்சங்கம் படைப்பிரிவையும் முகாமையும் ஒட்டி இயங்குவது. தமிழ்நாட்டில் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) என்று இருப்பவை பரங்கிமலையும் வெலிங்டனும் மட்டுமே. பணியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி மதுரைக் கிராமத்துக்கு வந்துவிட்ட குடும்பத்துக்கு அந்தக் கை எட்டுவதில்லை.

உசிலம்பட்டி அருகே ஓர் அக்கா. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் வராமல் மாதக்கணக்கில் அலைந்தார். கணவரின் ஓய்வூதிய ஆணையில் அக்காவின் பெயருக்கு முன்னால் இருந்தது தந்தையின் இனிஷியல். ஆதாரில் இருந்தது கணவரின் இனிஷியல். பிறந்த ஆண்டும் வேறு. திருமணமான புதிதில், கணவர் தம் படைப்பிரிவு கிளார்க்கிடம் நினைவிலிருந்து சொன்ன ஆண்டு அப்படியே பதிவாகிவிட்டது. படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் விண்ணப்பம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டதற்கு இதுதான் காரணம் என்பதை, ஒவ்வொரு முறையும் பணம் வாங்கிக்கொண்ட கணினி மையத்துக்காரர் அவரிடம் சொல்லவே இல்லை. ஒரு பிற்பகல் முழுவதும் நான் அவருடைய திண்ணையில் உட்கார்ந்து மஞ்சப்பையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஏடிஎம் அட்டை மகனிடம் இருப்பதையும், கைச்செலவுக்கு அவனிடம் கேட்டு நிற்க வேண்டியிருப்பதையும் அன்றுதான் மெல்லச் சொன்னார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அன்பாகவே பேசுகிறார்கள் என்றாலும், அங்கே மேசைக்கு எதிரே நின்றுகொண்டு இதையெல்லாம் அவரால் சொல்லியிருக்க முடியாது. முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டங்களிலும் பேசுவது ஆண்கள்தான்.

அதனால்தான் ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் படைவீரர் குடும்பத்துப் பெண்கள் நான்கைந்து பேர் தன்னார்வலர்களாகச் சேர வேண்டும் என்கிறேன். பெண்கள் கூடி அமைப்பு நடத்துவது மதுரைக்குப் புதிதல்ல. பிரதமராக இருந்த வாஜ்பாயே யாருடைய காலில் விழுந்து வணங்கினாரோ அந்த, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற சின்னப்பிள்ளை அம்மா களஞ்சியம் சுயஉதவிக் குழுக்களை வளர்த்தது அழகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில்தானே? சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதி, வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசிப் பழகிய பெண்களுக்கு ஸ்பர்ஷும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையும் பிடிபட அதிக காலம் ஆகாது. நல அலுவலகம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் நாளில், தனியாக வரத் தயங்கும் பெண்ணுடன் அவர்களில் ஒருவர் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உதவி இல்லாமல் இல்லை. ஓய்வூதியமே இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் கொடிநாள் நிதியிலிருந்து தரப்படும் மாதாந்திர உதவித்தொகை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படுவதாக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாத பாட்டிகள் நம் ஊர்களில் இன்னும் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

குழு அமையும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஓய்வு பெற்ற படைவீரர் இருந்தால், அவர் நல்லபடியாக இருக்கும்போதே டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஓய்வூதிய ஆணையிலும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் உள்ள மனைவியின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால், கணவரின் கையெழுத்தோடு இப்போதே படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்பிவிடுங்கள்.