மே மாசத்துல காசிமேட்டுலேர்ந்து போட்டு கெளம்புதாம்!

"லாஜிக் பாக்காத மச்சான்."

இந்த வார்த்தைய மொதமொதல்ல சொன்னவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நேர்ல போய் ரெண்டு கேள்வி கேக்கணும். ஞாயித்துக்கிழமை நைட் ஷோ முடிஞ்சு வந்து, தண்டையார்பேட்டைல டீ கிளாஸ கையில புடிச்சிகினு நான் வாயத் தொறந்தேன். முழுசா ஒரு நிமிஷம் பேசல. அதுக்குள்ள பக்கத்துல நின்ன தோஸ்து அந்த வார்த்தைய எடுத்து என் மூஞ்சில வுட்டான். அத்தோட விவாதம் முடிஞ்சுதாம். நான் பேசுனா படத்த ரசிக்கத் தெரியாதவனாம்.

படம் பேர் வேணாம், எவனாச்சும் சண்டைக்கு வருவான். கதை நம்ம ஏரியா, வட சென்னை. இன்டர்வெல் சீன் எடுத்தவுடனே இருட்டுல மீன்பிடித் துறைமுகம், டிரோன் ஷாட்டு, கீழ எழுத்து வருது: "காசிமேடு, மே 11". நான் அப்பவே நிமிந்து குந்திட்டேன். இருநூறு விசைப்படகு லைட் போட்டுகினு வரிசையா கடலுக்குப் போவுது. அந்தக் கூட்டத்துல வில்லனோட போட்டும் ஒண்ணு, உள்ள கடத்தல் சரக்கு. "இருநூறுல எதுன்னு கண்டுபுடிப்பே?"ன்னு வில்லன் சிரிக்கிறான், போலீஸ் முழிக்குது, இன்டர்வெல். தியேட்டர்ல விசில் பறக்குது.

யோவ், மே மாசம்யா!

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். கிழக்குக் கடற்கரை முழுக்க ஒரு விசைப்படகும் கடலுக்குப் போவக் கூடாது. மீனு முட்ட போட்டு பெருகுற நேரம்னு வெச்ச சட்டம் அது. சரி, பழைய காலத்துக் கதைன்னு சொல்லித் தப்பிக்கலாமான்னு பாத்தா அதுக்கும் வழியில்ல. 2001லேர்ந்து இந்தத் தடை இருக்குது. முன்ன 45 நாள், 2017லேர்ந்து 61. எப்படி எண்ணுனாலும் மே 11 நடுசென்டர்ல வுழுது. ஹீரோ கையில வேற டச் போனு.

இது ஏதோ புஸ்தகம் படிச்சு தெரிஞ்சுக்குற சமாச்சாரம் இல்ல. மீன் வாங்குற எந்த வூட்டுலயும் கேட்டுப் பாருங்க. "தடைக்காலம், வஞ்சிரம் பக்கமே போவ முடியாது, கருவாடு போட்டுக் கொழம்பு வெய்யி"ன்னுதான் சொல்வாங்க. இத்தனை கோடி கொட்டி படம் எடுத்தவங்க, டிரோன் பறக்க வுட்ட எடத்துக்குக் கீழ வலை பின்னிக்கினு இருந்த ஒரு பெரியவரக் கேட்டிருந்தா ஒரே வரில சொல்லியிருப்பாரு. மே 11ஐ அடிச்சிட்டு ஜூலை 11னு போட்டிருந்தா நானும் விசிலடிச்சிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்.

இப்ப நான் சொல்றத கொஞ்சம் நிதானமா கேளுங்க, ஏன்னா இங்கதான் எல்லாரும் என்னத் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. ஹீரோ ஒத்த ஆளா இருவது பேர அடிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. அடி வாங்குனவன் அம்பதடி பறக்கட்டும், நான் கை தட்டுவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படிப் பாத்து வளந்த ஒடம்பு இது. அகஸ்தியா தியேட்டர்ல கத்தி கத்தி தொண்ட கட்டுனவன் நான். 2020ல அத மூடுனப்ப கேட்டுக்கு முன்னாடி போய் சும்மா நின்னுட்டு வந்தேன். பறக்குறது படம் மொத ரீல்லயே நம்மகிட்ட போட்டுக்குற ஒப்பந்தம். "இவன் இப்படித்தான்"னு சொல்லிட்டான், நாமளும் சரின்னுட்டோம். ஆனா மே மாசத்து இருநூறு போட்டு அப்படி இல்ல. வில்லனோட பிளானே அந்தக் கூட்டத்துல ஒளிஞ்சிக்கிறதுதான். தடைக்காலத்துல கூட்டம் ஏது? ஒத்த போட்டு போனா கடலோரக் காவல் படைக்கு கண்ண மூடிகினே தெரியும். இன்டர்வெல்லே காலி. அத உருவிட்டா மிச்சப் படம் எதும்மேல நிக்குது?

இதே வட சென்னைய வெச்சு எடுத்த சார்பட்டா பரம்பரைய எடுத்துக்கோங்க. 2021ல வந்துச்சு. 1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சியக் கலைச்ச நாளு. அந்தத் தேதிய சும்மா கார்டுல போட்டுட்டுப் போவல. குத்துச்சண்டை சூடா போய்க்கினு இருக்கும்போது போலீஸ் மேடைக்கு வந்து தி.மு.க.காரரான குத்துச்சண்டை வாத்தியார அரெஸ்ட் பண்ணுது, சண்டையே கந்தலாவுது. தேதிதான் அங்க கதையத் திருப்புது. நம்மாளு என்னடான்னா காலண்டர சீன் அழகுக்கு மாட்டி வெச்சிருக்கான்.

தடைக்காலத்தையே கதையா எடுத்திருக்கலாமே, அதான் எனக்கு வயித்தெரிச்சல். நூத்துக்கணக்குல போட்டு வரிசையா கட்டிக் கெடக்குது, என்ஜின் பிரிச்சுப் போட்டிருக்கான், வலைல ஓட்டை பாத்துகினு குந்தியிருக்காங்க, கையில காசு இல்ல, வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறான். அந்த நேரத்துல ஒருத்தன் வந்து "ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு போட்டு"ன்னு கேட்டா அதுல எவ்வளவு பயம் இருக்குது! பக்கத்துலயே கெடக்குறத வுட்டுட்டு டுபாக்கூர் காட்டுறான்.

சேஸிங்கையும் சொல்லிடுறேன். காசிமேட்டுல லெஃப்ட் எடுத்தா மெரினா பக்கத்து நேப்பியர் பாலம், ரைட் எடுத்தா திரும்பக் காசிமேடு. பட்டப்பகல்ல எண்ணூர் ரோட்டுல ஒரு கன்டெய்னர் லாரி கூட இல்ல. அந்த ரோடு இருந்தா எனக்கும் அட்ரஸ் குடுங்கப்பா, தெனமும் துறைமுகத்துக்கு நிக்கிற டிரெய்லர் வரிசைல பாதி ஆயுசு போவுது. அப்புறம் அந்த பேச்சு. ஹீரோ மூச்சு வுடாம "கஸ்மாலம், கஸ்மாலம்"ங்கிறான். எங்க தெருவுல அந்த வார்த்தைய நான் கடைசியா கேட்டது எங்க ஆயா வாய்லதான்.

இதுல பெரிய காமெடியே என் தோஸ்துதான். பிரவுசிங் சென்டர்ல நாங்க வைஸ் சிட்டி கேம் வெளாண்ட காலத்துல இவன் டெய்லி பொலம்புனது என்ன தெரியுமா? "ஊரையே ஆட்டி வெக்கிற டானு, கடலோரத்துல பங்களா, போட்டு ஓட்டத் தெரியுது, தண்ணில வுழுந்தா மட்டும் செத்துப் போறான். இன்னாடா லாஜிக் இது?" 2004ல அடுத்த கேம் சான் ஆண்ட்ரியாஸ்ல ஹீரோ நீச்சலடிச்சப்ப அவன் போட்ட ஆட்டத்த நான் மறக்கல. டைட்டானிக் படத்துல ஹீரோயின் மெதக்குற கதவு ரெண்டு பேரத் தாங்குமா தாங்காதான்னு என்கிட்ட ஒரு மழைநாள் முழுக்க சண்ட போட்டவனும் இவன்தான். அதுக்கு பதில் சொல்றதுக்கு அந்தப் படத்து டைரக்டர் ஜேம்ஸ் கேமரூனே 2023ல ஆளுங்களத் தண்ணில எறக்கி சோதிச்சுப் பாத்தாரு. அந்த டைரக்டருக்கு இல்லாத ரோஷம் இவனுக்கு எதுக்கு? இவன் கேட்டா ஆராய்ச்சி, நான் கேட்டா "லாஜிக் பாக்காத மச்சான்".

நேத்து எங்க சித்தப்பா போன்ல அந்த இன்டர்வெல் சீன பாத்தாரு. முப்பது வருஷமா காசிமேட்டுல போட்டு வெச்சிருக்குறவரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு திரும்ப ஒருவாட்டி போடச் சொன்னாரு. "மே மாசத்துல என் போட்டு கரைல ஏறி பெயின்ட்டு அடிச்சிகினு இருந்துச்சே, இவன் யார் போட்ட எடுத்துகினு போறான்?"னு கேட்டாரு. தோஸ்தும் பக்கத்துலதான் இருந்தான். சித்தப்பாகிட்ட மட்டும் அந்த வார்த்தைய சொல்லல.